ஆர்.என்.ஏ பிணைப்புப் புரதங்களும் தண்டுவடத் தசைநலிவு நோயும்: ஒரு வரலாறு

ஆர்.என்.ஏ பிணைப்புப் புரதங்கள் என்பவை செல்லுக்குள் ஆர்.என்.ஏ இழைகளைப் பற்றிக்கொண்டு, அவற்றை வெட்டுதல், ஒட்டுதல், இடம் மாற்றுதல், காத்தல், அழித்தல் ஆகிய வேலைகளைச் செய்யும் புரதங்கள் ஆகும். மனித மரபணுத் தொகுதியில் இத்தகைய புரதங்களுக்கான மரபணுக்கள் 1,542 என்று 2014-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு கூறியது. இவற்றில் ஒன்று குறைந்தாலும், இடம் மாறினாலும், திரண்டு கட்டியானாலும் நோய் வரலாம். அவை எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் சொல்ல முயன்றால் பெயர்ப்பட்டியல்தான் மிஞ்சும். எனவே தண்டுவடத் தசைநலிவு என்ற ஒரே ஒரு நோயின் வரலாற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து மருத்துவர்கள் இதை எஸ்.எம்.ஏ என்பார்கள்.

நான் உயிரியல் ஆசிரியராகப் பணியில் சேர்ந்த காலத்தில் கரும்பலகையில் மூன்று சொற்களையும் இரண்டு அம்புக்குறிகளையும் எழுதுவோம்: டி.என்.ஏ, அதிலிருந்து ஆர்.என்.ஏ, அதிலிருந்து புரதம். நடுவில் இருக்கும் ஆர்.என்.ஏ வெறும் தபால்காரர் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். அந்தத் தபால் வழியில் பிரிக்கப்படுகிறது, அதில் பாதிக்கு மேல் கிழித்து எறியப்படுகிறது, மிச்சம் ஒட்டப்பட்ட பிறகே உரியவரிடம் சேர்கிறது என்பதெல்லாம் அப்போதே ஆய்வுலகில் தெரிந்திருந்தது. எங்கள் பாடநூலுக்குத்தான் அது வந்து சேரவில்லை.

நோய் முதலில் எழுதப்பட்டது

1891-இல் ஆஸ்திரிய மருத்துவர் கீடோ வெர்ட்னிக், தசைகள் படிப்படியாக வலுவிழந்த இரு சகோதரர்களைப் பற்றி எழுதினார். 1893 முதல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் யோஹான் ஹாஃப்மன் இதே போன்ற குழந்தைகளைப் பற்றி எழுதினார். இறந்த குழந்தைகளின் தண்டுவடத்தை ஆராய்ந்தபோது, அதன் முன்பகுதியில் இருக்க வேண்டிய இயக்க நரம்பணுக்கள் அழிந்திருந்தன. தசையில் முதல் குற்றம் இல்லை, தசைக்குக் கட்டளை அனுப்பும் நரம்பணுவில்தான் குற்றம் என்பது அன்றே தெளிவாயிற்று. நோய்க்கு வெர்ட்னிக்-ஹாஃப்மன் என்று பெயர் வந்தது.

இந்நோயின் கடுமையான வகையில் குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே கை கால் தளர்ந்துவிடும். தலை நிற்காது. பால் விழுங்க முடியாது, பிறகு மூச்சு விடவும் முடியாது. சிகிச்சை இல்லாத காலத்தில் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டவில்லை. ஆனால் அறிவில் குறை இருக்காது. தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும், கண்ணால் பேசும். பெற்றோருக்கு இதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்க முடியும்?

தாய், தந்தை இருவரும் நோயின்றி இருந்தாலும், இருவரிடமும் ஒரு பழுதான மரபணு இருந்தால் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இந்த அளவுக்குத் தெரிந்த பிறகும், எந்த மரபணு என்று தெரிய ஒரு நூற்றாண்டு பிடித்தது.

ஒரு நோயாளியின் குருதியிலிருந்து

இனி கதை வேறோர் இடத்துக்குப் போகிறது. 1966-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எங் டான், ஹென்றி கன்கல் ஆகிய இருவர் லூபஸ் நோயாளிகளின் குருதியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். லூபஸ் ஒரு தன்னெதிர்ப்பு நோய். கிருமிகளைத் தாக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் சொந்த உடலையே தாக்கும். ஒரு நோயாளியின் குருதியில் இருந்த எதிர்ப்பொருள், செல்லின் உட்கருவில் உள்ள ஏதோ ஒரு பொருளைப் பிடித்தது. அது என்ன பொருள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நோயாளியின் குடும்பப் பெயரான ஸ்மித் என்பதன் முதல் இரண்டு எழுத்துகளை எடுத்து எஸ்.எம் பொருள் என்று பெயரிட்டார்கள். இந்த எதிர்ப்பொருள் எல்லா லூபஸ் நோயாளிகளிடமும் இருப்பதில்லை. இருந்தால் மட்டும் நோய் லூபஸ்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அதனால் 1982-இல் லூபஸ் நோயைக் கண்டறியும் அளவுகோல்களில் அதுவும் சேர்ந்தது.

எஸ்.எம்.ஏ நோய்ப்பெயரில் வரும் எஸ்.எம் வேறு, இந்த எஸ்.எம் வேறு. இரண்டும் ஒரே எழுத்துகளாக அமைந்தது தற்செயல். ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்து இரண்டும் ஒரே சோதனைக்குழாயில் சந்தித்தன.

இதற்கிடையே 1977-இல் அமெரிக்காவில் பிலிப் ஷார்ப் குழுவும் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் குழுவும் தனித்தனியே, ஜலதோஷம் உண்டாக்கும் அடினோவைரஸை ஆராய்ந்தபோது ஒரு வியப்பைக் கண்டனர். மரபணு தொடர்ச்சியாக இல்லை, துண்டு துண்டாகக் கிடந்தது. பயன்படும் துண்டுகள் எக்ஸான்கள் எனவும், இடையில் கிடப்பவை இன்ட்ரான்கள் எனவும் பின்னர் பெயர் பெற்றன. செல் முதலில் முழு நீளத்துக்கும் ஆர்.என்.ஏ நகல் எடுத்து, பிறகு இன்ட்ரான்களை வெட்டி எறிந்து, எக்ஸான்களை ஒட்டுகிறது. இதற்கு ஸ்ப்ளைசிங் என்று பெயர். 1993-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்று செல்லுக்கு யார் சொல்கிறார்கள்? ஓர் எழுத்து தள்ளி வெட்டினாலும் அதன்பின் வரும் செய்தி முழுவதும் குழம்பிவிடும்.

இதற்கான துப்பு யேல் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. ஜோன் ஸ்டைட்ஸ் அங்கே பேராசிரியர். இவர் ஹார்வர்டில் ஜேம்ஸ் வாட்சனிடம் ஆய்வு மாணவியாக இருந்தவர். இவருடைய மாணவர் மைக்கேல் லெர்னர், லூபஸ் நோயாளிகளின் எதிர்ப்பொருள்களைத் தூண்டிலாகப் பயன்படுத்தினார். செல்சாற்றில் அந்த எதிர்ப்பொருளைப் போட்டு இழுத்தபோது புரதங்கள் மட்டும் வரவில்லை, அவற்றோடு ஒட்டிக்கொண்டு சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ-க்களும் வந்தன. அவை யூ1, யூ2, யூ4, யூ5, யூ6. புரதமும் சிற்றார்.என்.ஏ-வும் சேர்ந்த இந்தத் துகள்களுக்கு ஸ்னர்ப் என்று செல்லப்பெயர் வந்தது. 1979-இல் இதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே, யூ1 ஆர்.என்.ஏ-வின் முனையில் உள்ள எழுத்துகள் இன்ட்ரான் தொடங்கும் இடத்தின் எழுத்துகளோடு சோடி சேரக்கூடியவை என்றும், வெட்டும் இடத்தை அடையாளம் காட்டுவது யூ1-ஆக இருக்கலாம் என்றும் எழுதினார்கள். வேறொரு குழுவும் அதே ஆண்டில் அதே கருத்தைச் சொன்னது. பின்னர் வந்த சோதனைகள் அதை உறுதி செய்தன.

ஸ்மித் என்ற நோயாளியின் எதிர்ப்பொருள் பிடித்தது இந்த ஸ்னர்ப்களின் புரதங்களையே. ஏழு எஸ்.எம் புரதங்கள் கைகோத்து மோதிரம் போல வளைந்து, நடுவில் ஆர்.என்.ஏ இழையைப் பிடித்துக்கொள்கின்றன. அதன் அமைப்பு 1999-இல் கேம்பிரிட்ஜில் கியோஷி நாகாய் குழுவின் ஆய்வால் விளங்கியது. தன் உடலைத் தாக்கிய ஒரு பொருள் உயிரியலுக்கு ஒரு திறவுகோலைத் தந்தது. அந்நோயாளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பதை நாம் மறக்கலாகாது.

மரபணு கிடைத்தது, குழப்பமும் கிடைத்தது

1990-இல் எஸ்.எம்.ஏ மரபணு ஐந்தாம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் இருக்கிறது என்று கண்டறியப்பட்டது. 1995 ஜனவரியில் பாரிஸ் நகரின் நெக்கர் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த ஜூடித் மெல்கி, அர்னோல்ட் மூனிக் ஆகியோரின் குழு அந்த மரபணுவை வெளியிட்டது. 229 நோயாளிகளில் 226 பேரிடம் அது இல்லை அல்லது உடைந்திருந்தது. மீதி மூவரிடமும் அதே மரபணுவில் சிறு பிழைகள் இருந்தன. இயக்க நரம்பணு உயிர்பிழைப்பு மரபணு என்னும் பொருள்பட அதற்கு எஸ்.எம்.என் என்று பெயரிட்டார்கள். அதே இதழின் அதே வெளியீட்டில் கனடாவின் ஒரு குழு, அதே வட்டாரத்தில் உள்ள வேறொரு மரபணுதான் காரணம் என்று எழுதியது. சான்றுகள் சேரச் சேர எஸ்.எம்.என்-தான் காரணம் என்பது நிலைபெற்றது.

குழப்பம் வேறிடத்தில் இருந்தது. மனிதரிடம் இந்த மரபணு இரட்டையாக இருக்கிறது. எஸ்.எம்.என்1, எஸ்.எம்.என்2 என்பவை அவை. நோயாளிகளிடம் முதலாவது இல்லை, இரண்டாவது இருக்கிறது. இரண்டும் உண்டாக்க வேண்டிய புரதம் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. பிறகு ஏன் இரண்டாவது கைகொடுப்பதில்லை?

விடை 1999-இல் கிடைத்தது. ஏழாவது எக்ஸானின் ஆறாவது இடத்தில் முதல் மரபணுவில் சி இருக்கிறது, இரண்டாவதில் டி இருக்கிறது. டி.டி.சி என்றாலும் பினைல்அலனின்தான், டி.டி.டி என்றாலும் பினைல்அலனின்தான். மரபுக்குறியீட்டு அட்டவணையை வைத்துப் பாடம் நடத்திய எந்த ஆசிரியரும் இதைப் பாதிப்பில்லாத மாற்றம் என்றே சொல்லியிருப்பார். நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ஓர் எழுத்து மாறியதால் ஸ்ப்ளைசிங் நடக்கும்போது ஏழாவது எக்ஸான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. விளைவது குட்டையான புரதம், அது விரைவில் சிதைந்துவிடும். நூற்றுக்குப் பத்து, இருபது அளவில்தான் முழுப் புரதம் கிடைக்கிறது. எஸ்.எம்.என்2 எத்தனை பிரதிகள் இருக்கின்றனவோ அதைப் பொறுத்து நோயின் கடுமை கூடும், குறையும்.

ஓர் எழுத்து ஏன் இவ்வளவு செய்கிறது என்பதில்தான் ஆர்.என்.ஏ பிணைப்புப் புரதங்கள் மேடைக்கு வருகின்றன. எக்ஸான் மீது உட்கார்ந்து இதைச் சேர்த்துக்கொள் என்று சொல்லும் புரதங்கள் உண்டு. இதை விட்டுவிடு என்று சொல்பவையும் உண்டு. கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஏட்ரியன் கிரெய்னர், 2002-இல் லூகா கார்டெக்னியுடன் எழுதிய கட்டுரையில், எஸ்.எஃப்2 என்னும் புரதம் உட்காரும் இடம் அந்த மாற்றத்தால் அழிந்துவிட்டது என்றார். எஸ்.எஃப்2 சேர்க்கச் சொல்லும் புரதம். 2003-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மேன்லியும் கஷிமாவும், அப்படியல்ல, ஹெச்.என்.ஆர்.என்.பி ஏ1 என்னும் விடச்சொல்லும் புரதத்துக்குப் புதிதாக ஓர் இருக்கை கிடைத்துவிட்டது என்றனர். இடம் இழந்தது நல்லவரா, இடம் பிடித்தது தடுப்பவரா என்று வழக்கு சில ஆண்டுகள் நடந்தது. இரண்டிலும் உண்மை உண்டு என்பதே இன்று பலரின் கருத்து. அறிவியலில் இத்தகைய வழக்குகளால் தோற்றவர் என்று யாரும் இல்லை. வழக்காடும்போது செய்த சோதனைகளே மருந்துக்கு வழி காட்டின.

இரண்டு எஸ்.எம் சந்தித்த இடம்

எஸ்.எம்.என் புரதம் செல்லில் என்ன வேலை செய்கிறது? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கிடியன் டிரைஃபஸ் பல ஆண்டுகளாக ஆர்.என்.ஏ பிணைப்புப் புரதங்களையே ஆராய்ந்து வந்தார். எஸ்.எம்.ஏ நோய் அவருடைய துறை அன்று. ஹெச்.என்.ஆர்.என்.பி யூ என்ற புரதத்தோடு எஸ்.எம்.என் ஒட்டுவதை 1996-இல் அவரும் சிங் லியுவும் வெளியிட்டனர். உட்கருவில் இரண்டு முதல் ஆறு வரை ஒளிரும் புள்ளிகளாக எஸ்.எம்.என் தெரிந்தது. ஏற்கெனவே அறிந்த வேறு புள்ளிகளின் பக்கத்திலேயே இரட்டையராக நின்றதால், மிதுன ராசியின் ஆங்கிலப் பெயரை வைத்து இவற்றை ஜெம் என்றனர். கடுமையான எஸ்.எம்.ஏ நோயாளிகளின் செல்களில் இந்தப் புள்ளிகள் மிகவும் குறைந்திருந்தன.

1997-இல் முக்கியமான முடிவு வந்தது. எஸ்.எம்.என் புரதம், 1966-இல் பெயர் பெற்ற அதே எஸ்.எம் புரதங்களைப் பிடித்து, ஸ்னர்ப் துகள்களைக் கட்டித் தருகிறது. ஏழு புரதங்களை வளையமாகச் சிற்றார்.என்.ஏ மீது பூட்டும் கொத்தனார் வேலை அது. இந்தக் கொத்தனாருக்குச் சித்தாள்களும் உண்டு. ஜெமின்கள் எனப்படும் அவற்றில் ஜெமின்5 என்பது, எது சரியான ஆர்.என்.ஏ என்று பார்த்து எடுத்துக் கொடுக்கிறது. கொத்தனார் குறைந்தால் ஸ்னர்ப் குறைகிறது, ஸ்னர்ப் குறைந்தால் ஸ்ப்ளைசிங் பிசகுகிறது.

அப்படியானால் உடலின் எல்லாச் செல்களுக்கும் வேண்டிய இவ்வேலை குறையும்போது இயக்க நரம்பணு மட்டும் ஏன் முதலில் சாகிறது? மாணவர் யாரேனும் இக்கேள்வியைக் கேட்டால் அவரைப் பாராட்ட வேண்டும். ஏனெனில் ஆய்வாளர்கள் இன்னும் இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. சில குறிப்பிட்ட மரபணுக்களின் ஸ்ப்ளைசிங் மட்டும் அதிகம் கெடுகிறது என்பார் ஒரு சாரார். நீண்ட நரம்பிழை நெடுகிலும் ஆர்.என்.ஏ-வைச் சுமந்து செல்வதில் எஸ்.எம்.என்-க்குத் தனிப்பங்கு உண்டு என்பார் மறுசாரார்.

டிரைஃபஸின் ஆய்வகத்திலேயே, 1993-இல், ஃப்ரஜைல் எக்ஸ் என்னும் அறிவுத்திறன் குறைபாட்டில் இழக்கப்படும் புரதமும் ஆர்.என்.ஏ-வைப் பிணைப்பது என்று காட்டியிருந்தனர். 2006-இல் இதே பல்கலைக்கழகத்தின் வேறொரு குழு, ஏ.எல்.எஸ் நோயாளிகளின் நரம்பணுக்களில் திரண்டு கிடப்பது டி.டி.பி-43 என்னும் ஆர்.என்.ஏ பிணைப்புப் புரதம் என்று கண்டது. ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் முடக்கிய நோய் வகை அது. இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியவை.

மருந்து

எலிக்கு எஸ்.எம்.என் மரபணு ஒன்றே ஒன்று. அதை நீக்கினால் கரு தொடக்கத்திலேயே அழியும். மனிதரின் எஸ்.எம்.என்2-வை அந்த எலிக்குள் நுழைத்தபோது அது பிறந்தது, ஆனால் நோயோடு பிறந்தது. 2000-இல் வந்த இந்த எலிகள் மருந்து ஆய்வுக்குக் களம் ஆயின.

2006-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ரவீந்திர சிங்கும் எலியட் ஆண்ட்ரோஃபி குழுவினரும், ஏழாம் எக்ஸானை அடுத்த இன்ட்ரானில் பதினைந்து எழுத்துகள் கொண்ட ஒரு சிறு பகுதியைக் கண்டனர். எக்ஸானை விடச்சொல்லும் வலுவான குறி அதுதான். ஹெச்.என்.ஆர்.என்.பி ஏ1 போன்ற தடுப்புப் புரதங்கள் அமரும் இடமும் அதுவே. அந்த இடத்தின் மேல் ஒரு மூடி போட்டுவிட்டால்? எதிர் எழுத்துகளால் ஆன குட்டி நியூக்ளியோடைடு இழை ஒன்று அங்கே ஒட்டிக்கொண்டால் தடுப்புப் புரதம் உட்கார முடியாது, எக்ஸான் சேர்ந்துவிடும். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போலத்தான். கிரெய்னரும், ஐசிஸ் நிறுவனத்தின் ஃபிராங்க் பென்னட்டும் நூற்றுக்கணக்கில் இழைகளைச் சோதித்து, பதினெட்டு எழுத்து இழை ஒன்றைத் தேர்ந்தனர். அதுவே நூசினெர்சென். குருதியிலிருந்து மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அது புகாது என்பதால், முதுகில் ஊசியிட்டுத் தண்டுவட நீரில் நேரடியாகச் செலுத்த வேண்டும்.

2011 இறுதியில் மனிதரில் சோதனை தொடங்கியது. கைக்குழந்தைகளிடம் நடந்த பெரிய சோதனையில், மருந்து பெற்றோரில் 51 விழுக்காட்டினர் தலை நிறுத்துதல், புரளுதல், உட்காருதல் போன்ற வளர்ச்சிப் படிகளில் முன்னேறினர். மருந்து பெறாத குழுவில் ஒருவர்கூட முன்னேறவில்லை. வேறுபாடு இவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை முன்னதாகவே நிறுத்தி, எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து தர வழி செய்தார்கள். 2016 டிசம்பர் 23 அன்று அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது.

அதன்பின் 2019-இல் எஸ்.எம்.என் மரபணுவையே வைரஸ் ஒன்றின் மூலம் செலுத்தும் சிகிச்சை வந்தது. 2020-இல் வாயால் குடிக்கும் ரிஸ்டிப்ளாம் வந்தது. இந்த மூன்றாவது மருந்து செயல்படும் விதம் எனக்குத் தனி மகிழ்ச்சி தருவது. எஸ்.எம்.என்2-வின் ஏழாம் எக்ஸான் முடியும் இடத்தில் யூ1 ஸ்னர்ப் சரியாகப் பொருந்தாமல் நழுவுகிறது. ரிஸ்டிப்ளாம் அந்த இடைவெளியில் புகுந்து இரண்டையும் இறுக்குகிறது. 1980-இல் ஸ்டைட்ஸும் லெர்னரும் எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்து ஊகித்த அதே சோடியின் மேல்தான் இன்று குழந்தைகள் குடிக்கும் மருந்து வேலை செய்கிறது.

விலை

நூசினெர்சென் ஒரு ஊசியின் விலை 2016-இல் அமெரிக்காவில் 1,25,000 டாலராக இருந்தது. முதல் ஆண்டில் ஆறு ஊசி, பிறகு ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு மூன்று. மரபணுச் சிகிச்சை ஒரே முறைதான், ஆனால் அதற்கு 21 லட்சம் டாலருக்கு மேல். 2021-இல் தமிழ்நாட்டில் ஒரு குழந்தைக்காக இணையம் வழியே ஏறக்குறைய 16 கோடி ரூபாய் திரட்டப்பட்டதைப் பலரும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். இறக்குமதி வரியைத் தள்ளுபடி செய்யக்கூடத் தனியே முறையிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு இந்திய அரசின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. 2022-இல் உதவித்தொகையின் உச்சவரம்பு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் ஆக்கப்பட்டது. ஆயுள் முழுதும் மருந்து தேவைப்படும் ஒரு பிள்ளைக்கு அது எத்தனை நாளைக்கு?

ரிஸ்டிப்ளாமின் காப்புரிமை குறித்து ரோஷ் நிறுவனத்துக்கும் ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கும் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. உள்நாட்டுத் தயாரிப்புக்கு இடைக்காலத் தடை விதிக்க 2025 மார்ச்சில் நீதிமன்றம் மறுத்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. அதன்பின் அம்மருந்து பல மடங்கு குறைந்த விலையில் சந்தைக்கு வந்தது.

மருந்து எப்போது கொடுக்கப்படுகிறது என்பதும் விலைக்கு இணையான கேள்வி. செத்த நரம்பணு திரும்பி வராது. நோய்க்குறி தோன்றும் முன்பே, மரபணுச் சோதனையால் மட்டும் கண்டறியப்பட்ட 25 குழந்தைகளுக்கு நூசினெர்சென் கொடுத்துப் பார்த்த ஆய்வில், 2019-இல் முடிவுகள் வெளியானபோது 25 பேரும் உயிரோடு இருந்தனர். 22 பேர் துணையின்றி நடந்தனர். அவர்களில் பலருக்கு இந்நோயால் இறந்த அல்லது முடங்கிய அண்ணனோ அக்காளோ இருந்ததால்தான் பிறந்தவுடன் சோதிக்கப்பட்டார்கள். பல நாடுகளில் இன்று பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு துளிக் குருதியிலேயே எஸ்.எம்.என்1 இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இந்தியாவில் அப்படி எல்லாக் குழந்தைகளுக்கும் பார்க்கும் ஏற்பாடு இன்னும் வரவில்லை.